கேட்க ஆளிருந்த வருடங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போதகர்களாக இருந்த கவிஞர்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், 18ஆம் நூற்றாண்டு வேல்ஷ் மொழிக் கவிஞர் கொரோன்வி ஓவன் பற்றி ஒரு பத்தி வந்தது. என் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் சேகர குருவானவராக இருந்தவர். ஊர் ஊராக மாற்றலாகிப் போன குடும்பம் எங்களுடையது. அதனாலோ என்னவோ, அந்த ஒரு பத்தி மனதில் நின்றுவிட்டது. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்த பிறகு குழப்பம்தான் அதிகமாயிற்று.

ஊரைப் பிரிந்த ஏக்கம்தான் அவரைக் கவிஞராக்கியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் அமெரிக்கா போன பிறகு, ஊர் இன்னும் தூரமாகிப்போன பிறகு, இன்னும் அதிகமாக அல்லவா எழுதியிருக்க வேண்டும்? அங்கே பதினோரு வருடம் இருந்தும் ஒரே ஒரு கவிதைதான் கிடைக்கிறது. ஏன்? அவரைத் துரத்தியது திருச்சபையா, அவருடைய குடியா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவர் அடிமைகளை வைத்திருந்தார் என்று தெரிந்த பிறகு, இறந்துபோன மகளுக்கு அவர் பாடிய இரங்கற்பாவை எப்படி வாசிப்பது?

எனக்கு வேல்ஷ் தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்.,
பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

ஏக்கம் கவிஞரை உண்டாக்கும் என்றால் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் அவர் காவியமே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் கேட்பது நியாயம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோன்வி எழுதியது கேட்க ஆள் இருந்தபோது. அவருடைய நல்ல கவிதைகளில் பெரும்பாலானவை 1752க்கும் 1757க்கும் நடுவில் எழுதப்பட்டவை. அப்போதும் அவர் ஊரில் இல்லை, இங்கிலாந்தில்தான் இருந்தார். ஆனால் அவருடைய வரிகளுக்காகக் காத்திருந்த மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். தபால் போனது, பதில் வந்தது, கவிதை பிறந்தது. கடல் தாண்டியதும் தபால் நின்றது, கவிதையும் நின்றது. நான் அவர் வாழ்க்கையை இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்சி என்ற தீவு இருக்கிறது. வேல்ஷ்காரர்கள் மோன் என்பார்கள். அங்கே லான்வைர் மத்தாவர்ன் ஐத்தாவ் என்ற சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) 1723 ஜனவரி 1 அன்று பிறந்தவர் கொரோன்வி. அப்பா ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவர். தாத்தாவுக்கும் அதே தொழில். இரண்டு பேருமே ஊருக்குள் பாட்டுக் கட்டுகிறவர்கள், அப்பாவுக்குக் குடியும் உண்டு. பையன் பள்ளிக்கூடத்துக்கு ஓடியபோது அப்பா அடிக்க வந்தார், அம்மாதான் தடுத்தார். அம்மா பெயர் ஷான் பாரி. பையன் வாயில் ஒரு கொச்சைச் சொல்லோ தப்பான உச்சரிப்போ வந்தால் அந்த இடத்திலேயே திருத்துவாராம். பின்னால் கடிதங்களில் கொரோன்வி இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். தன் மொழியின் சுத்தத்துக்கு அவர் காரணமாகச் சொல்வது, வேலைக்காரியாக இருந்த அந்தப் பெண்மணியைத்தான்.

ஷான் பாரி வேலை பார்த்த வீடு மோரிஸ் குடும்பத்தினுடையது. அந்த வீட்டு அம்மா மார்கெட் மோரிஸ், போகும்போதெல்லாம் பையனுக்குத் தேன் தடவிய ரொட்டி கொடுப்பார். அவருடைய பிள்ளைகள்தான் நான் மேலே சொன்ன சகோதரர்கள். மூத்தவர் லூயிஸ், 1701இல் பிறந்தவர். நில அளவைக்காரர். வேல்ஸின் கடற்கரையை அளந்து வரைபடம் போட்டவர், பிறகு அரசுச் சுரங்கங்களின் மேற்பார்வைக்குப் போனார். அடுத்தவர் ரிச்சர்ட், லண்டனில் கடற்படை அலுவலகத்தில் எழுத்தர். 1746, 1752 ஆண்டுகளின் வேல்ஷ் பைபிள் பதிப்புகள் அவர் மேற்பார்வையில் வந்தவை. 1751இல் லண்டன் வேல்ஷ்காரர்களுக்காகக் கம்ரொடோரியன் சங்கத்தைத் தொடங்கியவர்களும் இந்தக் குடும்பத்தார்தான். மூன்றாமவர் வில்லியம், ஹோலிஹெட் துறைமுகத்தில் சுங்க அதிகாரி, செடிகொடிகளில் பைத்தியம். இன்னொரு தம்பி ஜான் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். இவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. மீன், மூலநோய், பழைய சுவடி, யாப்பு, வதந்தி எல்லாம் அதில் உண்டு. பல்கலைக்கழகமே இல்லாத ஒரு நாட்டில், இந்த மூன்று சகோதரர்களின் தபால்தான் பல்கலைக்கழகமாக இருந்தது.

கொரோன்வி பாங்கர் நகரத்து ஃப்ரையர்ஸ் பள்ளியில் படித்தார். லத்தீன் அங்கே வசப்பட்டது. 1741இல் அம்மா போய்ச் சேர்ந்தார். அப்பா சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு வீடு என்று சொல்ல எதுவும் இல்லை. கொஞ்ச காலம் பள்ளி உதவி ஆசிரியர் வேலை, ஆக்ஸ்ஃபோர்டு ஜீசஸ் கல்லூரியில் பெயர்ப் பதிவு, 1746இல் குருத்துவத்தின் முதல் படியான டீக்கன் பட்டம்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. பட்டம் பெற்றதும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை சொந்தச் சேகரத்திலேயே. தான் பிறந்த லான்வைரில் உதவிக் குருவானவர். அதைவிட வேறென்ன வேண்டும்? மூன்றே வாரம். பேராயரின் சாப்ளின், அதாவது அவருடைய தனிக் குருவானவர், அந்த இடத்தை வேறொரு வசதியான இளைஞருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். கொரோன்வி மூட்டை கட்டினார். அதற்குப் பிறகு அவர் ஆங்கிள்சியில் வாழவே இல்லை.

தனி ஒருவரின் கெட்ட எண்ணத்தால் இது நடந்ததென்று நான் நினைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு வேல்ஸில் பேராயர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். வேல்ஷ் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது இன்னும் பெரிய பதவிக்குப் போகும் வழியில் ஒரு படி. வருமானமுள்ள சேகரங்கள் அவர்களுடைய உறவினருக்கும் வேண்டியவர்களுக்கும் போயின. வேல்ஷ் தெரிந்த ஏழைக் குருக்களுக்கு உதவிக் குருவானவர் வேலைதான் மிச்சம். பிரசங்கம் செய்வதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், அடக்கம் பண்ணுவதும் இவர்கள். காணிக்கையும் தசமபாகமும் எங்கோ இருக்கிறவருக்கு. 1870இல்தான் வேல்ஷ் பேசும் ஒருவர் மறுபடியும் வேல்ஸில் பேராயரானார்.

இதே தீவில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னால் நிலைமை தெளிவாகப் புரியும். 1766இல் ட்ரெவ்ட்ரைத், லான்கவ்வன் என்ற இரண்டு ஊர்களுக்கும் தாமஸ் போல்ஸ் என்ற எழுபது வயதை ஒட்டிய ஆங்கிலேயர் குருவானவராக நியமிக்கப்பட்டார். அவருக்கு ஒரு வார்த்தை வேல்ஷ் தெரியாது. சபையில் ஏறக்குறைய 500 பேர். அதில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஐந்து பேர். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், கம்ரொடோரியன் சங்கம் துணை நின்றது. போல்ஸின் வழக்கறிஞர்கள் சொன்ன வாதம் இது: வேல்ஸ் வெல்லப்பட்ட நாடு, அங்கே ஆங்கிலத்தைக் கொண்டுபோவதுதான் பேராயர்களின் கடமை. 1773இல் தீர்ப்பு வந்தது. வேல்ஷ் தெரியாதவரை அப்படிப்பட்ட சேகரத்தில் வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால் நியமனம் முடிந்துவிட்டதால் இவரை நீக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. போல்ஸ் அதே வருடம் இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார். தாத்தா போதகராக இருந்த குடும்பத்தில் வளர்ந்த உங்களுக்கு, தன் மொழி தெரியாதவரிடம் மரணப் படுக்கையில் ஜெபம் கேட்பது எப்படியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கொரோன்வி மட்டும் அல்ல. அதே தலைமுறையில் இவான் எவன்ஸ் என்ற இன்னொரு குருவானவர், பழைய வேல்ஷ் சுவடிகளைப் படி எடுத்து 1764இல் பழம்பாடல்களை அச்சிலேற்றியவர். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வேல்ஷ் அறிஞர்களில் ஒருவர். ஆங்கிலேயப் பேராயர்களைத் திட்டி எழுதினார். வாழ்நாள் முழுக்க உதவிக் குருவானவராகவே ஊர் ஊராகச் சுற்றி, 1788இல் வறுமையில் இறந்தார். அவருக்கும் குடி இருந்தது. குடித்ததால் வேலை கிடைக்கவில்லையா, வேலை கிடைக்காததால் குடித்தாரா என்று இத்தனை காலத்துக்குப் பிறகு பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் குடிக்கிற ஆங்கிலேயக் குருக்களுக்கு அந்த நாட்களில் நல்ல சேகரங்கள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: முதலில் துரத்தியது திருச்சபை. பிற்பாடு நடந்ததில் கொரோன்விக்கும் பங்கு உண்டு.

லான்வைரை விட்டு எல்லையோர ஊரான ஆஸ்வெஸ்ட்ரிக்கு வந்தார். 1747இல் எலின் ஹியூஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1748இல் ஷ்ராப்ஷயரில் டானிங்டன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர், பக்கத்து அப்பிங்டனில் உதவிக் குருவானவர். இரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு 26 பவுண்டு. மனைவி, இரண்டு பையன்கள். அந்த அப்பிங்டன் கோயிலின் உண்மையான பொறுப்பாளர் ஜான் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பின்னாளில் சாலிஸ்பரி பேராயரானவர். அவர் பெரிய மனிதர்களோடு வேறெங்கோ இருந்தார். இந்த டக்ளஸ் யார் தெரியுமா? 'இழந்த சொர்க்கம்' காவியத்தை எழுதிய ஆங்கிலக் கவிஞர் மில்டன் அடுத்தவர்களிடமிருந்து திருடியவர் என்று ஒருவர் போலி ஆதாரம் காட்டியபோது, 1750இல் அந்த மோசடியை அம்பலப்படுத்தி மில்டனின் பெயரைக் காப்பாற்றியவர். அதே வருடங்களில், அவருடைய சம்பளத்தில் இருந்த ஏழை உதவிக் குருவானவர், மில்டனைப் போல ஒரு காவியத்தை வேல்ஷில் எழுதிவிட வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் இதைப் பற்றி ஒரு பேச்சாவது நடந்திருந்தால்! நடந்ததற்குச் சுவடு இல்லை.

இந்த டானிங்டனுக்குத்தான் லூயிஸ் மோரிஸின் ஊக்கம் வந்து சேர்ந்தது. உன்னால் முடியும், எழுது, எழுதியதை அனுப்பு என்றார். வில்லியமிடமிருந்தும் ரிச்சர்டிடமிருந்தும் பழைய கவிதைகளின் படிகளும் யாப்பு பற்றிய செய்திகளும் வந்தன. 1752இல் மடை திறந்தது. இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய நீண்ட கவிதை, தன் ஆசைகளைச் சொல்லும் ஒரு பாட்டு, தேன் ரொட்டி கொடுத்த மார்கெட் மோரிஸின் மறைவுக்கு இரங்கற்பா எல்லாம் அப்போது வந்தவைதான். தீர்ப்பு நாள் கவிதையை மோரிஸ் சகோதரர்கள் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். இப்படி ஒன்று வந்து எவ்வளவு காலமாயிற்று என்று வியந்தார்கள். அந்த நாட்களில் தபாலுக்குக் காசு கொடுக்க வேண்டியது பெறுகிறவர்தான். 26 பவுண்டு சம்பளக்காரருக்கு ஒவ்வொரு கடிதமும் ஒரு செலவு. ஆனாலும் கடிதம் வராத வாரத்தில் அவர் படும் தவிப்பைப் படித்தால் தெரியும், அது அவருக்குச் சாப்பாட்டுக்குச் சமம்.

ஏன் இப்படி மூன்று பேருக்காக எழுத வேண்டியிருந்தது? அவர் எழுதிய வடிவம் அப்படி. கவ்வித் என்ற பாவகையில் ஒவ்வொரு அடிக்கும் ஏழு அசை. இரண்டிரண்டு அடிகளாக இயைபு சேரும். ஓர் அடி அழுத்தமான அசையில் முடிந்தால் அதன் இணை அழுத்தமில்லாத அசையில் முடிய வேண்டும். அதற்கு மேல், ஒவ்வோர் அடிக்குள்ளும் கங்ஹனெத் என்ற ஒலிக்கட்டு. அதில் ஒரு வகை, அடியின் முதல் பாதியில் வந்த மெய்கள் இரண்டாம் பாதியில் அதே வரிசையில் திரும்ப வருவது. மோனையும் எதுகையும் பழகிய நமக்குக்கூட இந்தக் கட்டுப்பாடு மூச்சு முட்டும். மோன் தீவை வாழ்த்தி அவர் எழுதிய புகழ்பெற்ற அடியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன்: "ஹென்ஃபிக் வெல், வோன், டிரியொன் டிர்." விளிக்கும்போது மோன் 'வோன்' ஆகும். இது கங்ஹனெத்தின் இன்னொரு வகை. 'வோன்' என்பதும் 'டிரியொன்' என்பதும் இயைகின்றன. அடுத்து 'டிரியொன்', 'டிர்' இரண்டும் ஒரே மெய்களோடு வருகின்றன. 'வாழ்க மோனே, இனிய நிலமே' என்பது பொருள். ஆங்கிலத்தில் பொருள் மட்டும்தான் வரும். இந்த வேலைப்பாட்டைக் காதால் பிடித்து, இங்கே சறுக்கியது, இங்கே அபாரம் என்று சொல்லக்கூடியவர்கள் அன்றைக்கு மிகச் சிலர். 1588இலேயே பைபிள் வேல்ஷில் வந்துவிட்டதால் மக்களுக்கு மொழி இருந்தது. ஆனால் பழைய செய்யுள் மரபைத் தாங்கிய பண்ணையார் வீடுகள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. புலவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும் வீடு இல்லை. அந்த வீட்டின் இடத்தைத்தான் மோரிஸ்களின் தபால் நிரப்பியது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவர் வில்லியம் வில்லியம்ஸ் பன்டிகெலின். இவரும் டீக்கன் பட்டத்தோடு நின்றுபோனவர். திருச்சபைக்குள் எழுந்த மறுமலர்ச்சி இயக்கத்தாரான மெதடிஸ்டுகளோடு சேர்ந்ததால் அதற்கு மேல் குருத்துவம் கிடைக்கவில்லை. அவர் எளிய சந்தங்களில் நூற்றுக்கணக்கான ஞானப்பாட்டுகள் எழுதினார், ஆயிரக்கணக்கானவர்கள் பாடினார்கள். அவர் வறண்டுபோகவே இல்லை. கேட்கிறவர்கள் குறையவில்லை, அவ்வளவுதான். கொரோன்விக்கு மெதடிஸ்டுகளைப் பிடிக்காது. தனக்கான கூட்டத்தை அவர் மிகச் சிறியதாக வைத்துக்கொண்டார். அதுவே அவருடைய நுட்பத்துக்கும் காரணம், பின்னால் வந்த வறட்சிக்கும் காரணம்.

1753இல் லிவர்பூலை ஒட்டிய வால்டனுக்குப் போனார். அங்கே 1755இல் மகள் எலின் இறந்தாள். இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அந்த இரங்கற்பாவில், முகத்தின் மேல் உப்பு ஆறுகள் ஓடுகின்றன என்கிறார். 'எலினை இழந்தேன், வெயில் நாளின் நிறத்தவளை, ஒளிரும் பின்னலுடைய என் சிரித்த பெண்ணை' என்கிறார். மெய்கள் எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக நிற்கின்றன. அழும்போது எப்படி இலக்கணம் பார்க்க முடிந்தது என்று சிலர் கேட்பார்கள். இலக்கணம் கையைப் பிடித்துக்கொண்டதால்தான் அந்த அழுகையை அவரால் சொல்லவே முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே வருடம் லண்டன். கம்ரொடோரியன் சங்கம் லண்டனில் வேல்ஷ் கோயில் ஒன்றை ஏற்படுத்தும், தான் அதற்குக் குருவானவராகலாம் என்று நம்பி வந்தார். அது நடக்கவில்லை. லண்டனை ஒட்டிய நார்தோல்டில் உதவிக் குருவானவரானார். அங்கிருந்தபோது இரண்டு அருமையான கவிதைகள். ஒன்று, லண்டன் நாணயச்சாலையில் அதிகாரியாக இருந்த வில்லியம் பாரி என்ற நண்பருக்கு அழைப்பு. பொன்னையும் புகையையும் விட்டுவிட்டு இங்கே வாருங்கள், தோட்டத்தைப் பாருங்கள் என்று தொடங்கி, பேச்சுவாக்கில் பூவுக்கு வந்து, 'பூவுக்கு ஒரு முடிவு உண்டு, மனிதனின் முடிவும் அப்படியே' என்று போகிறது. இன்னொன்று 1756இல் ஆங்கிள்சிக் கவிஞர் ஹியூ ஹியூஸுக்குப் பதிலாக எழுதியது. நான் மேலே காட்டிய அடி அதில்தான் வருகிறது. இரண்டாம் ஏதேன் என்று தீவைக் கொண்டாடிவிட்டு, கடைசியில் தீர்ப்பு நாளின் எக்காளம் ஊதும்போது அந்தத் தீவும் எரிகிறது. அதன் வெள்ளி நரம்புகள், ஈயம், எஃகு எல்லாம் நெருப்பாகின்றன. அப்போது சேற்றாலான ஒரு தங்குமிடம் கிடைத்து என்ன பயன், ஆன்மாவுக்குத் தேவன் ஒரு வீடு தரட்டும் என்று முடிகிறது. ஊரை இவ்வளவு நேசித்தவர், அதை எரியவிட்டுப் பார்க்கிற இந்த இடம் எனக்கு எப்போதும் திகைப்புத் தருகிறது. ஏக்கம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குகிறவர்கள் இந்தக் கடைசி அடிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதற்குள் மோரிஸ்களோடு உறவு கசந்திருந்தது. கடன், குடி, பொறுப்பின்மை என்று லூயிஸ் கடுமையாக எழுத ஆரம்பித்தார். கேட்கிற ஆள் கையை விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த பன்னிரண்டு வருடங்களே சாட்சி. வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் நகரத்தின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில், இலக்கணப் பள்ளிக்கு ஆசிரியர் பதவி வந்தது. பல மடங்கு சம்பளம். 1757 இறுதியில் குடும்பத்தோடு கப்பலேறினார். கப்பலின் பெயர் ட்ரையல். நாடு கடத்தப்படும் கைதிகளை ஏற்றிப்போன கப்பல். கடலிலேயே மனைவி எலின் இறந்தார். கைக்குழந்தையும் இறந்தது. அந்த இறப்புகளுக்கு அவர் பாடிய பாட்டு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. மகளுக்கு அப்படிப் பாடியவர் மனைவிக்கு ஏன் பாடவில்லை? பாடினால் யாருக்கு வாசித்துக் காட்டுவது? என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் என்னிடம் இல்லை.

வில்லியம்ஸ்பர்கில் கல்லூரித் தலைவரின் விதவைத் தங்கையை மணந்தார். அவரும் சீக்கிரம் இறந்துவிட்டார். 1760இல் இன்னொரு பேராசிரியரோடு சேர்ந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நகரத்து இளைஞர்களோடு கைகலப்பில் இறங்கினார். பதவி போயிற்று. பிறகு ப்ரன்ஸ்விக் மாவட்டத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் சேகரம். வாழ்நாளெல்லாம் ஏங்கிய முழுக் குருவானவர் பதவி கடைசியில் கிடைத்தது, வேல்ஷ் பேசாத ஒரு காட்டுப்பக்கத்தில். மூன்றாவது திருமணம், புகையிலைத் தோட்டம். 1769இல் இறந்தார். சொத்துப் பட்டியலில் அடிமைகளும் இருந்தார்கள்.

இதைப் பற்றி நீங்கள் கேட்டது நல்லது. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. எல்லோரும் அப்படி இருக்கவில்லை. மேலே சொன்ன பன்டிகெலின், ஆப்பிரிக்காவில் அடிமையாக விற்கப்பட்ட உக்காசா க்ரோனியோசாவின் வாழ்க்கைக் கதையை 1779இல் வேல்ஷில் மொழிபெயர்த்தார். ஆக, வேல்ஷ் மொழியில் ஒரு போதகருக்கு அந்தக் குரல் கேட்கக்கூடியதாகத்தான் இருந்தது. கொரோன்விக்குக் கேட்கவில்லை. சொந்த ஊரிலிருந்து பிடுங்கப்பட்ட மனிதர்களை, சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்ட ஒருவர் அடிமைகளாக வைத்திருந்தார். தன் குழந்தைக்காக அழுத அந்த மனிதர், பிறருடைய குழந்தைகள் சொத்தாகக் கணக்கெழுதப்படும் ஏற்பாட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். எலினின் இரங்கற்பா இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் அதைப் படிக்கும்போது இதுவும் கூடவே மனதில் வரட்டும், வராமல் தடுக்க வேண்டாம். அப்படித்தான் நான் வாசிக்கிறேன். அது சுகமான வாசிப்பு கிடையாது.

அந்த ஒரே ஒரு கவிதைக்கு வருகிறேன். லூயிஸ் மோரிஸ் 1765இல் இறந்தார். செய்தி கடல் தாண்டி ப்ரன்ஸ்விக்கை எட்டியது. 1767இல் கொரோன்வி லூயிஸுக்கு நீண்ட இரங்கற்பா எழுதி, லண்டனில் மிஞ்சியிருந்த ரிச்சர்டுக்கு அனுப்பினார். இடையில் அத்தனை கசப்பு நடந்திருந்தும் அதில் கசப்பு இல்லை. ஆசானைப் பறிகொடுத்த மாணவனின் பாட்டு. பல வருடம் பேசாமல் இருந்த வடிவம் கையில் அப்படியே இருந்தது, துருப்பிடிக்கவில்லை. வறண்டது திறமை இல்லை என்பதற்கு இது போதும். ரிச்சர்டிடமிருந்து அடிக்கடி கடிதம் போயிருந்தால், தோட்டத்து வீட்டிலிருந்து இன்னும் பத்துக் கவிதைகளாவது வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காவியம் கடைசிவரை எழுதப்படவில்லை. கட்டுக்கோப்பான வேல்ஷ் யாப்பு மில்டனின் அகலத்துக்கு ஒத்துவராது என்று அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்காமல் அவர் கனவை மட்டும் எடுத்துக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் ஐஸ்டெத்வொட் (வேல்ஷ் கவிதை, இசை விழா) போட்டிகளில் பலர் நீளநீளமாக எழுதிக் குவித்தார்கள். அவற்றில் படிக்கத் தகுந்தவை குறைவு.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். வில்லியம் பாரிக்கான அழைப்பில் தொடங்குங்கள். சின்னது, வெளிச்சமானது, மொழிபெயர்ப்பிலும் தாங்கும். அடுத்து எலின். பிறகு ஹியூ ஹியூஸுக்கான பதில். தீர்ப்பு நாள் கவிதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலமே ஒலியில் இருப்பதால் ஆங்கிலத்தில் வெறும் பிரசங்கமாகத் தெரியும். முடிந்தால் வேல்ஷ்காரர் யாராவது வாசித்த ஒலிப்பதிவு கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவருடைய கடிதங்கள். அவற்றில் வேல்ஷோடு ஆங்கிலமும் கலந்து வருவதால் ஆங்கிலப் பகுதிகளை நீங்கள் நேராகவே படிக்கலாம். சம்பளம், கடன், குழந்தையின் பல் முளைத்தது, புது அடி ஒன்று சரியாக வந்திருக்கிறதா பாருங்கள் என்று எல்லாம் ஒரே தாளில் வரும். படித்துவிட்டு எழுதுங்கள். அந்த அழைப்புக் கவிதை உங்களுக்கு எப்படிப் படுகிறது என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.